பாட்டுகளை அழித்தும் பிளேயரில் இடம் கூடவில்லை

கேள்வி: 8 ஜிபி எம்பி3 பிளேயர். மேக் கணினியில் செருகி 200 பாட்டு அழித்தேன். காலி இடம் அப்படியே காட்டுகிறதே, ஏன்?

பதில் 1: அழித்தவை பிளேயரிலேயே ‘.டிராஷஸ்’ என்ற மறைவான ஃபோல்டரில் கிடக்கும். பிளேயர் செருகியிருக்கும்போதே மேக்கின் குப்பைத்தொட்டியைக் காலி செய்யுங்கள். கழற்றிவிட்டுச் செய்தால் பயனில்லை. பிறகு எஜெக்ட் (பாதுகாப்பாக வெளியேற்றும் கட்டளை) கொடுத்தே கழற்றுங்கள். சும்மா பிடுங்கினால் கோப்பு அட்டவணை (எந்தக் கோப்பு எங்கே என்ற பதிவு) குழம்பி, காலி இடக் கணக்கே தப்பாகலாம்.

பதில் 2: ஃபிளாக் (ஒலித்தரம் குறையாமல் சேமிக்கும் வகை) கோப்புகள் இருக்கின்றனவா? 4 நிமிடப் பாட்டே சுமார் 25 எம்பி தின்னும். 192 கேபிபிஎஸ் (நொடிக்கு 192 கிலோபிட்) எம்பி3 ஆக்கினால் 6 எம்பிக்குள் அடங்கும். மூல ஃபிளாக் கோப்பைக் கணினியில் வைத்திருங்கள். ஏற்கெனவே எம்பி3 ஆக இருப்பதை மறுபடி சுருக்காதீர்கள், ஒலி இன்னும் கெடும்.

பதில் 3: பாட்டுக்குள் ஒட்டியிருக்கும் ஆல்பம் படத்தையும் பாருங்கள். சிலவற்றில் அதுவே 2 எம்பி! அந்தச் சின்னத் திரைக்கு 300 பிக்சல் தாராளம்.