வோன்மொபில் எடுத்து பரிஸ், சூரிச், லண்டன் நண்பர்களைப் பார்க்கப் போகலாமா?

டோட்முண்ட்_வாசி:

வணக்கம். நானும் மனைவியும் ஜேர்மனியில், இப்போது பென்ஷனில் இருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் ஏ.எல். வரை ஒன்றாகப் படித்தவர்கள் நாங்கள், எண்பதுகளில் ஆளுக்கொரு பக்கம் சிதறிவிட்டோம். ஒருவன் பரிஸ் புறநகரில், ஒருவன் சூரிச்சில், இன்னொருவன் லண்டன் ஈஸ்ட்ஹாமில். கல்யாண வீட்டிலும் செத்த வீட்டிலும்தான் சந்திப்பு, அதுவும் மண்டபத்துச் சத்தத்துக்குள் இரண்டு வார்த்தை கதைப்பதற்குள் யாராவது வந்து கூப்பிட்டுவிடுவார்கள். செப்டம்பரில் ஒரு வோன்மொபிலை, அதாவது படுக்கையும் சமையலடுப்பும் உள்ள வண்டியை, வாடகைக்கு எடுத்து, அவசரமே இல்லாமல் ஒவ்வொருவரோடும் நாலைந்து நாள் இருந்துவிட்டு வரவேண்டும் என்று பெரிய ஆசை.

பரிஸ் நண்பனுக்கு இரண்டு அறை வீடு, மகளும் பேரப்பிள்ளையும் அங்கேதான். சூரிச்காரனுக்கு முழங்கால் ஒப்பரேஷன் முடிந்து இப்போதுதான் நடக்கிறான், மனைவி வேலைக்குப் போகிறவர். நாங்கள் போய்ப் படுத்தால் அவர்களுக்குக் கரைச்சல். ஹோட்டல் என்று சொன்னாலோ கோபித்துக்கொள்வார்கள்.

பழைய ஜேர்மன் கிளாஸ் 3 லைசென்ஸ், கார்டாக மாற்றியாகிவிட்டது. எவ்வளவு பெரிய வண்டி எடுக்கலாம்? நண்பன் வீட்டு வாசலில் நிறுத்திப் படுக்க விடுவார்களா? நம் சமையலை அதற்குள் செய்ய முடியுமா? லண்டனுக்கும் இதையே கொண்டு போவது சரியா?

லொறி_அண்ணை:

தம்பி, முதலில் கார்டின் பின்பக்கத்தைப் பாருங்கள். 1999க்கு முன் எடுத்த கிளாஸ் 3 என்றால் மாற்றும்போது சி1 போட்டிருப்பார்கள், அதாவது 7.5 தொன் வரை ஓட்டலாம். ஆனால் ஓட்டலாம் என்பதற்காகப் பெரியதை எடுக்காதீர்கள். வண்டிக்கு அனுமதித்த மொத்தப் பாரம் 3.5 தொன்னைத் தாண்டினால் ஜேர்மன் ஓட்டோபானில் 100க்கு மேல் போகக்கூடாது, லொறிகள் முந்தக்கூடாது என்ற பலகை உங்களுக்கும் பொருந்தும். சுவிஸில் 40 பிராங்க் வின்யெட் (நெடுஞ்சாலை ஸ்டிக்கர்) போதாது, அதற்குப் பதிலாகக் கனரக வாகனக் கட்டணம், நாளுக்கு 3.25 பிராங்க், குறைந்தது 25 பிராங்க். பிரான்ஸில் வண்டியின் பக்கங்களிலும் பின்னாலும் குருட்டுமுனை (ஓட்டுபவர் கண்ணில் படாத பக்கம்) எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டவேண்டும், 2021இலிருந்து அது கட்டாயம். இரண்டு பேருக்கு ஆறு மீட்டர் நீள வண்டி தாராளம்.

3.5 தொன் வண்டியில் உண்மையான பிரச்சினை பாரம். வெற்று வண்டியே மூன்று தொன்னுக்குக் கிட்ட நிற்கும். தண்ணீர் 100 லிட்டர் என்றால் 100 கிலோ. 11 கிலோ காஸ் சிலிண்டர் இரண்டு, இரும்போடு சேர்த்தால் 40க்கு மேல். மேசை, கதிரை, உடுப்பு. அதற்கு மேல் நம் ஆட்கள் நண்பன் வீட்டுக்கு வெறுங்கையோடு போவதில்லையே, அரிசி மூட்டை, தேங்காய், மிளகாய்த்தூள், திரும்பும்போது அவர்கள் தருவது வேறு. புறப்படுவதற்கு முதல்நாள் எல்லாவற்றையும் ஏற்றி, நீங்கள் இருவரும் உள்ளே இருக்க, ஒரு பொதுத் தராசில் நிறுத்துப் பாருங்கள். மறுசுழற்சி நிலையங்கள் பலவற்றில் சில யூரோவுக்கு நிறுத்துத் தருவார்கள். சுவிஸ் பொலிஸ் தராசோடு நிற்கும், இரக்கம் பார்க்காது. தண்ணீரைப் பாதி நிரப்பி ஓடுங்கள், போய்ச் சேரும் இடத்தில் மிச்சத்தைப் பிடிக்கலாம்.

சூரிச்_அக்கா:

லொறி அண்ணை சொன்னது எல்லாம் சரி, ஆனால் எனக்கு வேறொன்று சொல்லவேண்டும். நாங்கள் இப்படி இரண்டு மூன்று குடும்பங்களிடம் போய் வந்திருக்கிறோம். வாசலில் வந்து நின்றுகொண்டு "நாங்கள் வண்டிக்குள்ளேயே படுக்கிறோம்" என்று சொன்னால் வீட்டுக்காரியின் முகம் வாடிவிடும், தன் வீடு உங்களுக்குப் போதவில்லை என்றுதான் அவருக்குப் படும். ஆகவே ஒரு மாதத்துக்கு முன்னமே போன் எடுத்து, நண்பனிடம் மட்டும் இல்லாமல் அவர் மனைவியிடமும் கதையுங்கள். இரவுச் சாப்பாடு உங்கள் வீட்டில், படுக்கை எங்கள் வண்டியில், மறுநாள் மத்தியானம் நீங்கள் எங்களிடம் வரவேண்டும் என்று சொல்லுங்கள். மறுநாள் அவர்களை அழைப்பதுதான் முக்கியம். இத்தனை வருடம் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சமைத்துக் கொட்டிய அந்த மனுஷிக்கு, ஏரிக்கரையில் ஒரு கதிரையில் இருந்து யாரோ போட்டுத் தந்த தேத்தண்ணியைக் குடிக்கக் கிடைத்தால் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? என் தோழி ஒருத்தி அப்படி வந்து மாலை வரை எழும்பவே இல்லை. தன் வீட்டில் இருந்திருந்தால் அடுப்படிக்கும் மேசைக்கும் நடந்தே அந்த நாள் போயிருக்கும்.

சூரிச் நகருக்குள் வாசலில் நிறுத்துவது நடக்காது. நீலக் கோட்டு இடங்களில் வெளியாட்களுக்கு, வந்த நேரம் காட்டும் டிஸ்க் வைத்து, ஒரு மணித்தியாலம்தான், வண்டியும் கோட்டுக்குள் அடங்காது. வோலிஸ்ஹோபனில் ஏரியோடு ஒட்டி ஒரு கேம்பிங் இருக்கிறது, எஸ் 8 ரயில் பக்கத்தில், அட்லிஸ்வில் முருகன் கோயிலும் தூரமில்லை. முழங்கால் நோகிறவருக்கும் அது சமதரை.

சமையல்: சோறு, பருப்பு, முட்டை, தேத்தண்ணி உள்ளே செய்யலாம். தாளிப்பும் மீன் பொரியலும் கருவாடும் கட்டாயம் வெளியே. சின்னக் காஸ் குக்கர் ஒன்று வாங்கி வைத்திருங்கள், கேம்பிங்கில் தடையில்லை. அந்த மெத்தைகளும் திரைச்சீலைகளும் மணத்தை அப்படியே குடித்துவிடும், நாலு நாள் ஜன்னல் திறந்து வைத்தாலும் போகாது. எங்களுக்குத் தெரிந்த ஒரு குடும்பத்துக்கு வாடகைக்காரர் டெபொசிட்டில் பெரிய பங்கைக் கழித்தே கொடுத்தார்.

லாசப்பல்காரன்:

பரிஸுக்குள் வண்டியைக் கொண்டு வராதீர்கள் அண்ணா, நம் தமிழ்க் கடைகள் உள்ள லா சப்பல் பக்கம் நினைத்தே பார்க்காதீர்கள். சொம்பினியில் மார்ன் ஆற்றங்கரையில் கேம்பிங் இருக்கிறது, அங்கே நிறுத்திவிட்டு ஆர்.இ.ஆர். ஏ புறநகர் ரயிலில் ஷத்லே வந்து, பி அல்லது டி பிடித்து கார் டு நோர்ட்டில் இறங்கினால் நம் கடைகள் கூப்பிடு தூரத்தில். ஓகஸ்ட் கடைசி, செப்டம்பர் தொடக்கம் என்றால் மாணிக்க விநாயகர் தேர் வரலாம், நண்பனிடம் நாளைக் கேட்டு அதற்கேற்ற மாதிரி வாருங்கள், ஊர் ஆட்கள் பாதிப் பேரைத் தேர் இழுக்கிற இடத்திலேயே சந்தித்துவிடலாம்.

புறநகர் சுப்பர்மார்க்கெட்டுக்குள் திரும்பு முன் மேலே பாருங்கள், பல இடங்களில் இரண்டு மீட்டர் உயரத்தில் கம்பி போட்டிருக்கும், உங்கள் வண்டி மூன்று மீட்டருக்குக் கிட்ட. ஜேர்மன் காஸ் சிலிண்டரை இங்கே மாற்றித் தரமாட்டார்கள், இரண்டையும் நிரப்பியே வாருங்கள், சமையலுக்கு மட்டும் என்றால் செப்டம்பரில் ஒன்றுகூடத் தீராது. வழியில் தங்க நகரசபைகள் நடத்தும் கேம்பிங்கார் (வோன்மொபில்) தரிப்பிடங்கள் நிறைய உண்டு, கழிவுத் தொட்டியை அங்கேயே காலி செய்யலாம். இரண்டு பேருக்கு அந்தத் தொட்டி இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். நண்பன் வீட்டு ரொய்லட்டில் ஊற்றலாம் என்று நினைக்கவேண்டாம்.

ஈஸ்ட்ஹாம்_மாமா:

லண்டனுக்கு வண்டியை விட்டுவிட்டு வாருங்கள். புகை கூடிய வண்டிகளுக்குக் கட்டணம் அறவிடும் யூலெஸ் வலயம் 2023 ஓகஸ்டிலிருந்து லண்டன் முழுவதும், ஈஸ்ட்ஹாமும் அதற்குள். தரத்துக்கு உட்படாத வண்டிக்கு நாளுக்கு 12.50 பவுண்ஸ். உங்களுடையது புது டீசலாக இருந்தாலும் வெளிநாட்டு நம்பர் என்பதால் முன்கூட்டியே பதிய வேண்டும், வாடகை வண்டிக்கு அந்தப் பத்திரங்களைக் கேட்டு அலைவது உங்கள் வேலையாகிவிடும். பிரித்தானியாவுக்குக் கொண்டுபோக எல்லா வாடகைக்காரரும் விடுவதும் இல்லை, ஒப்பந்தத்தைப் படியுங்கள். இங்கே ஒழுங்கைகளும் ஒடுக்கம், இரண்டு பக்கமும் கார்.

லில் நகருக்குப் பக்கத்தில் ஒரு கேம்பிங்கில் நிறுத்திவிட்டு யூரோஸ்டாரில் வாருங்கள், ஒன்றரை மணித்தியாலத்துக்குள் செயின்ட் பாங்கிராஸ். ஜேர்மன் பாஸ்போர்ட்டுக்கும் இப்போது ஈ.டி.ஏ. என்ற முன் பயண அனுமதி வேண்டும், ஒன்லைனில் எடுக்கலாம். இன்னொன்று, 2025 ஏப்ரலிலிருந்து ஐரோப்பாவிலிருந்து ஆட்டு, மாட்டு, பன்றி இறைச்சியும் பால் சாமானும் கொண்டுவரத் தடை. உங்கள் மனைவி ஆசையாக மட்டன் ரோல்ஸ் செய்து கட்டினாலும் வெட்டி எறியச் சொல்வார்கள். இங்கே வந்து செய்யட்டும், சாமான் எல்லாம் ஹை ஸ்ட்ரீட்டிலேயே கிடைக்கும்.

டோட்முண்ட்_வாசி:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. அக்கா, நீங்கள் சொன்ன மாதிரியே நேற்று சூரிச் நண்பனின் மனைவிக்குப் போன் எடுத்தேன். முதலில் "எங்கட வீடு இருக்க ஏன் வெளியில?" என்றார், ஏரிக்கரையில் மத்தியானச் சாப்பாடு என்றதும் லீவு போடுகிறேன் என்றுவிட்டார். ஆறு மீட்டர் வண்டி, பரிஸ், பிறகு லில்லில் நிறுத்தி லண்டன், கடைசியில் சூரிச் என்று போட்டிருக்கிறோம். நண்பனையும் மனைவியையும் வண்டியில் ஏற்றி லூசேர்ன் வரை ஒரு நாள் கூட்டிப் போகலாமா?

லொறி_அண்ணை:

பெல்ட் உள்ள இருக்கை நாலு இருக்கிறதா என்று எடுக்கும்போதே பாருங்கள், சில சின்ன வண்டிகளில் இரண்டுதான். கட்டிலில் இருந்துகொண்டு ஓட விடாதீர்கள். நாலு பேர் என்றால் அன்றைக்குத் தண்ணீரையும் கழிவையும் இறக்கிவிட்டு, அரிசி மூட்டையையும் நண்பன் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள், பாரம் சரியாக வரும். முழங்கால்காரரை முன் இருக்கையில் இருத்துங்கள், கால் நீட்ட அங்கேதான் இடம்.