அப்பாவின் கால் புண்: கரையும் மருந்து மணி வைத்தவர்கள் உண்டா?

கடலூர் முதுநகரிலிருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 62 வயது, சர்க்கரை நோய் உண்டு. மார்ச்சில் பைக்கிலிருந்து விழுந்து வலது கணுக்காலுக்கு மேலே எலும்பு முறிந்து வெளியே வந்துவிட்டது. பிளேட் வைத்தார்கள். ஏழாவது வாரம் தையலோரம் சீழ்.

இரண்டு முறை திறந்து சுத்தம் செய்தாயிற்று. கல்ச்சரில் (சீழில் கிருமி பார்க்கும் சோதனை) எம்ஆர்எஸ்ஏ, அதாவது பல ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமி; ஆறு வாரம் வான்கோமைசின் ஊசி ஏறியது. இன்னும் கட்டைப் பிரித்தால் அரிசியளவு துளையில் மஞ்சள் நீர் கசிகிறது. (வேப்பிலை யோசனை வேண்டாம், பக்கத்து வீட்டிலேயே தாராளமாகக் கிடைக்கிறது.)

இப்போது பிளேட்டை எடுத்துவிட்டு, அந்தக் குழியில் ஆன்டிபயாடிக் கலந்த மணிகளை வைக்கலாம் என்கிறார் டாக்டர். எலும்பு சிமென்டில் செய்த மணி என்றால் பிறகு அறுத்து எடுக்க வேண்டுமாம். கால்சியம் சல்ஃபேட் மணி தானே கரையும், ஆனால் சில வாரம் நீர் கசியலாம்.

கடலூர், புதுச்சேரிப் பக்கம் கரையும் மணி வைத்துக்கொண்டவர்களுக்குக் கசிவு நிற்க எத்தனை நாள் ஆனது?