எங்கள் வீட்டு ‘ஏர்ஃபோர்ஸ்’ பெரியவர்கள்

பெரம்பூர்க்காரர்:

எங்கள் பெரியப்பா 1971 போரில் ‘பாகிஸ்தான் மேல குண்டு போட்டவர்’ என்றுதான் எங்கள் தெருவில் பேச்சு. அவர் பிளேன் ஓட்டினாரா என்று யாராவது கேட்டால் பெரியம்மா ஆமாம் என்றும் சொல்ல மாட்டார், இல்லை என்றும் சொல்ல மாட்டார். உண்மையில் அவர் ஆர்மரர். எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு ஏர்மேனாகச் சேர்ந்து, விமானத்தின் துப்பாக்கிகளையும் வெடிகுண்டுகளையும் பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனவர்.

அவர் பங்களாதேஷ் பக்கம் இருந்தார் என்பது வீட்டில் ஓடிய இன்னொரு கதை. 1971 என்றாலே டாக்காதானே ஞாபகம் வரும்! அவர் இறந்த பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அந்தப் போரில் கிழக்கு முனையில் இருந்தவர்களுக்கு பூர்வி ஸ்டார் என்ற மெடல், மேற்கு முனையில் இருந்தவர்களுக்கு பஸ்சிமி ஸ்டார். பெட்டியில் கிடந்தது பஸ்சிமி. பழைய கடிதங்களைப் புரட்டியதில் பதான்கோட் என்று தெரிந்தது. டிசம்பர் 3 மாலை பாகிஸ்தான் விமானங்கள் முதலில் தாக்கிய தளங்களில் அதுவும் ஒன்று. ஹண்டர் விமானங்கள் அங்கிருந்துதான் பெஷாவர், சக்லாலா வரை போய் அடித்தன.

ஹண்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் பெரியப்பா நிறுத்த மாட்டார். மூக்குக்கு அடியில் நான்கு 30 மி.மீ. ஏடன் துப்பாக்கிகள், ரவைகளோடு சேர்த்து ஒரே பெட்டியாக இருக்குமாம். விமானம் சுட்டுவிட்டுத் திரும்பியதும் காலிப் பெட்டியை அப்படியே கீழே இறக்கி, ஏற்கெனவே நிரப்பி வைத்த வேறொன்றை ஏற்றிப் பூட்டுவார்கள். குழல்கள் மட்டும் விமானத்திலேயே நிற்கும். “கேஸ் சிலிண்டர் மாத்துற மாதிரிதான்டா, ஆனா கை நடுங்கக் கூடாது” என்பார். பைலட் காக்பிட்டை விட்டு இறங்காமலே உட்கார்ந்திருக்க, இவர்கள் வயிற்றுக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பார்களாம். ஜெட் இரைச்சலில் அவருக்கு இடது காது போனது. அதை மட்டும் தெருவில் யாரும் பெருமையாகச் சொன்னதில்லை. ஓட்டினார் ஓட்டினார் என்று ஏற்றிச் சொல்லியே அவர் செய்த வேலையை மறைத்துவிட்டோம் என்பது என் கட்சி.

புழல் பக்கத்துப் பேத்தி:

உங்கள் பெரியப்பாவுக்காவது மெடல் இருந்தது. எங்கள் ஆயாவின் அண்ணனுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. ‘ஏரியில பிளேன் எறங்கும், எங்கண்ணன் அதுக்குப் பெட்ரோல் ஊத்துவாரு’ என்று ஆயா சொல்லும்போது நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். கல்லூரிக்குப் போன பிறகுதான் படித்தேன்: இரண்டாம் உலகப் போரில் செங்குன்றம் ஏரி ஆர்.ஏ.எஃப்., அதாவது பிரிட்டிஷ் விமானப்படையின் கடல்விமானத் தளம். 240-வது ஸ்குவாட்ரனின் கேட்டலினா கடல்விமானங்கள் இங்கிருந்துதான் வங்கக் கடலில் நீர்மூழ்கி தேடப் போயிருக்கின்றன. ஒருமுறை கிளம்பினால் பகல் முழுக்க வானத்திலேயே இருக்கும்.

1942 ஏப்ரலில் ஜப்பான்காரன் வந்துவிட்டான் என்று பட்டணமே மூட்டை கட்டியது. அதே வருஷம் இங்கே ஏரியில் ஆள் எடுத்திருக்கிறார்கள். படகிலேயே போய்த்தான் எரிபொருள் நிரப்ப வேண்டும். காற்று அடித்தால் படகு விமானத்தில் மோதிவிடும், தகடு மெல்லிசு, மோதினால் வெள்ளைக்காரன் அடிக்க வருவான். இது ஆயா வாயால் கேட்டது. அவர் கூலி ஆள், படைவீரர் இல்லை, பென்ஷன் எல்லாம் கிடையாது. இந்தப் பேச்சில் அவரைச் சேர்க்கலாமா என்று கேட்டால், நான் சேர்ப்பேன்.

ராயபுரத்து மகன்:

அப்பா நேவி. ஆனால் கப்பல் ஓட்டவில்லை, விக்ராந்த் என்ற விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் விமானம் தள்ளினார். சீ ஹாக் ஜெட்டின் இறக்கையை மடிப்பது, விரிப்பது, சக்கரத்துக்குக் கட்டை வைப்பது, இதுதான் வேலை. 1971 ஜூலைக் கடைசியில் விக்ராந்த் கொச்சியிலிருந்து நம்ம மெட்ராஸுக்குக் கிளம்பியது. பாய்லரில் விரிசல், முழு வேகம் கிடையாது. அந்த நிலைமையிலேயே டிசம்பர் 4 அன்று காக்ஸ் பஜாரையும் சிட்டகாங்கையும் அடித்தார்கள். பெரம்பூர் அண்ணன் சொன்ன பூர்வி ஸ்டார் எங்கள் வீட்டில் இருக்கிறது.

அப்பாவுக்குப் பயம் எதிரியிடம் இல்லையாம். அலிஸே விமானத்தின் புரொப்பல்லர்தான். இருட்டில், காற்றில், எண்ணெய் வழுக்கும் தளத்தில், சுற்றுகிற புரொப்பல்லர் கண்ணுக்கே தெரியாது. அதனால் இன்றைக்கும் டேபிள் ஃபேன் பக்கத்தில் பேரப்பிள்ளைகளை விட மாட்டார்.

விக்ராந்த்தை உடைத்த பிறகு அந்த இரும்பைக் கலந்து பஜாஜ் ஒரு பைக் விட்டார்களே, ஞாபகம் இருக்கிறதா? வாங்கித் தரலாம் என்று அவரை ஷோரூமுக்குக் கூட்டிப் போனேன். டேங்க்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இதுல எது டெக், எது பாய்லர்?” என்று கேட்டார். விற்பனைப் பையன் முழித்தான். வாங்காமலே வந்துவிட்டோம்.

பெரம்பூர்க்காரர்:

ராயபுரம் தம்பி, அப்பா நல்லா இருக்கும்போதே எந்த வருஷம் எந்தப் பிரிவு என்று கேட்டு எழுதி வையுங்கள். மெடலின் விளிம்பில் சர்வீஸ் நம்பர் பொறித்திருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். புழல் அக்கா, சோழவரத்தில் நாங்கள் கார் ரேஸ் பார்க்கப் போன பாதையும் அந்தப் போர்க்காலத்து ரன்வேதான். ஆயா அதைப் பற்றி ஏதாவது சொல்லியிருக்கிறாரா?