புதுப்பிப்பு: கல்குவாரித் தூசியை அளப்பது

கரூர் பக்கம் எங்கள் ஊர் கல்குவாரி, கிரஷர் தூசியை மலிவான லேசர் சென்சார் வைத்து அளக்கலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

சென்சார் ஓடுகிறது. ஆனால் அது பிஎம் 2.5 என்கிற மிக நுண்ணிய துகளை (2.5 மைக்ரோமீட்டர் வரை) ஓரளவு நன்றாகப் பிடிக்கிறது; அதைவிடப் பெரிய துகளை அந்த அளவுக்குப் பிடிப்பதில்லை. குவாரித் தூசியில் பெரும்பகுதி அந்தப் பெரிய துகள்தான். அதனால் எண் குறைவாகத் தெரிந்தால் காற்று சுத்தம் என்று நம்பிவிடாதீர்கள். வடிதாளில் தூசியைப் பிடித்து எடைபோடுவதுதான் நம்பகமான முறை. பிஎம் 10-க்கு (10 மைக்ரோமீட்டர் வரையுள்ள துகள்) நம் நாட்டு வரம்பு, 24 மணி நேரச் சராசரியாக ஒரு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது 45.

அதற்காக சென்சார் வீண் இல்லை. காற்று வரும் பக்கம் ஒன்று, போகும் பக்கம் ஒன்று வைத்தோம். டிப்பர் லாரிகள் ஓடும் நேரத்தில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பளிச்சென்று தெரிகிறது. அந்தப் பதிவுகளை இணைத்து, எடைமுறையில் அளக்கச் சொல்லி மனு கொடுத்திருக்கிறோம். குவாரி ஓடும் நாளில், அங்கன்வாடிப் பக்கத்தில், முழு 24 மணி நேரம் அளக்க வேண்டும். மழை பெய்த மறுநாள் வந்து அளந்தால் ஏற்கமாட்டோம். இவ்வளவு கறாராக இருப்பது ஏனென்றால், கல்லை உடைக்கும்போது வரும் சிலிக்கா தூசியால் கெட்ட நுரையீரலைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது.