38 வயதாம்! ஜியா ஜியா பிறந்ததை யார் பார்த்தார்கள்?

தராசு:
இந்தக் கருத்துக்களத்தின் கரடிகள் பற்றிய விவாதத் திரியில் நேற்று 'ஆறாவது விரல்' எழுதியது இது: "பாண்டாவை அடைத்து வைப்பது கொடுமை என்று அழுபவர்கள் ஹாங்காங் ஓஷன் பார்க்கின் ஜியா ஜியாவைப் பாருங்கள். 38 வயது வரை வாழ்ந்தது. காட்டில் 20 வயதைத் தாண்டுவதே அரிது. பேச்சு முடிந்தது."

பேச்சு முடியவில்லை. அந்தத் திரியைப் பூட்டிவிட்டார்கள், அதனால் இங்கே கேட்கிறேன். அந்த 38 எங்கிருந்து வந்தது? ஜியா ஜியா மிருகக்காட்சிசாலையில் பிறந்ததல்ல. சிச்சுவான் மாகாணத்தில் சிங்சுவான் பகுதிக் காட்டிலிருந்து 1980 இல் கொண்டுவரப்பட்டது. பார்த்தவர்கள் 'இரண்டு வயதிருக்கும்' என்றார்கள். அந்த 'இருக்கும்' என்ற சொல்லை அடித்துவிட்டு 1978 என்று எழுதினார்கள். பிறகு கின்னஸ் சான்றிதழும் வந்துவிட்டது. நான் பிறப்பு இறப்புப் பதிவு அலுவலகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். 'இருக்கும்' என்று எழுதிக் கொண்டுவந்த எந்த மனுவிலும் என் கையெழுத்து விழுந்ததில்லை.

ஆறாவது விரல்:
தராசு ஐயா, நான் எழுதியது நீண்ட பதிவு. மருத்துவம், உணவு, இனப்பெருக்கம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓர் எண்ணின் வாலைப் பிடித்துத் தொங்குகிறீர்கள். கால்நடை மருத்துவம் படித்தவனாகச் சொல்கிறேன்: பாண்டாக் குட்டி ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் தாயைவிட்டுப் பிரிகிறது. அந்த வயதில் உடம்பையும் பல்லையும் பார்த்தால் பிழை ஓராண்டைத் தாண்டாது. முழுதாக வளர்ந்த விலங்காக இருந்தால் உங்கள் சந்தேகத்துக்கு இடம் உண்டு. சரி, 37 என்றே வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய சாதனை வூஹானில் இருந்த டு டுவுடையது. 1999 இல் இறந்தபோது 36. 37 என்றாலும் ஜியா ஜியா அதை முந்திவிட்டது.

தராசு:
டு டு பிறந்தது 1962 என்கிறார்கள். உலகிலேயே மிருகக்காட்சிசாலையில் முதல் பாண்டாக் குட்டி பிறந்தது 1963 செப்டம்பரில், பீஜிங்கில். அப்படியென்றால் டு டு எங்கே பிறந்தது? காட்டில்! அதையும் எவரும் பார்க்கவில்லை. ஓர் ஊகம் இன்னோர் ஊகத்தை முந்திவிட்டது என்று கொண்டாடுகிறீர்கள். "37 என்றே வைத்துக்கொள்ளுங்கள்" என்கிறாரே, வைத்துக்கொள்வதற்கு இது என்ன அடகுக் கடையா? நேற்று 38, இன்று 37.

தெம்பனிஸ் மல்லிகை:
என்ன இது, ஜியா ஜியா இறந்துவிட்டதா? எனக்குக் கை நடுங்குகிறது. சிங்கப்பூர்ச் செய்தியில் ஒன்றும் வரவில்லையே? அவள் 2008 இல் பிறந்தவள். 38 வயது எப்படி ஆகும்?

ஆறாவது விரல்:
அக்கா, இது வேறு ஜியா ஜியா. உங்கள் சிங்கப்பூர் ரிவர் வொண்டர்ஸ் விலங்குப் பூங்காவின் ஜியா ஜியாவைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. இது 1999 இல் ஹாங்காங்குக்கு வந்த ஜியா ஜியா. 2016 இலேயே இறந்துவிட்டது.

வாசல்படி:
குழப்பத்துக்குக் காரணம் எழுத்து. சீன மொழியில் இரண்டு பெயர்களும் வெவ்வேறு எழுத்துகள், ஒலி மட்டும் ஒன்று. தமிழில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதால் வரும் வினை இது. அதோடு 'ஜியா' என்று இரண்டு அசையாக இழுப்பதும் தவறு. சீனத்தில் அது ஒரே அசை, 'ஜ்யா' என்பதே நெருக்கம். 'பாண்டா கரடி' என்று எழுதுபவர்களுக்கும் ஒரு சொல்: 'பசு மாடு' என்பது போல அது வழக்கில் இருக்கிறது, தவறில்லை.

தராசு:
வாசல்படி, உங்கள் இலக்கண வகுப்பைத் தனித் திரியில் நடத்துங்கள். மெய்யெழுத்தில் சொல்லைத் தொடங்கச் சொல்கிறவர் தமிழுக்குக் காவல் நிற்க வேண்டாம். என் கேள்வி வயது. 1978 இல் பார்த்தது யார்?

வாசல்படி:
ஆமைத் திரியிலும் இதே போலத்தான் என்னை வெளியே போகச் சொன்னீர்கள். கடைசியில் நான் சொன்ன எழுத்தைத்தான் எல்லாரும் பயன்படுத்தினார்கள். மறந்துவிடாதீர்கள்.

மூங்கில்குருத்து:
38 ஆ 37 ஆ என்று அடித்துக்கொள்கிறீர்கள். தாய்லாந்தின் சியாங் மாயில் சுவாங் சுவாங் என்ற பாண்டா 2019 இல் இறந்தபோது வயது 19. அதன் இணை லின் ஹுய் 2023 இல் இறந்தபோது 21. தைபேயில் துவான் துவான் 18. அமெரிக்காவின் மெம்பிஸில் லெ லெ 24. வாஷிங்டனில் 1972 இல் வந்திறங்கிய லிங் லிங்கும் சிங் சிங்கும் ஐந்து குட்டிகள் ஈன்றும் ஒன்றுகூடச் சில நாட்களுக்கு மேல் பிழைக்கவில்லை. இவற்றையெல்லாம் ஏன் 'ஆறாவது விரல்' எழுதவில்லை? ஒரே ஒரு கிழட்டுப் பாண்டாவைக் காட்டி மற்ற எல்லாவற்றையும் மறைக்கிறார். இன்னொன்றும் கேட்கிறேன். நீண்ட காலம் உயிரோடிருப்பதும் நன்றாக வாழ்வதும் ஒன்றா? ஜியா ஜியாவுக்குக் கடைசி ஆண்டுகளில் கண்புரை, மூட்டுவலி, ரத்த அழுத்தம். நடக்க மனமின்றிப் படுத்தே கிடந்தது. இறுதியில் ஊசி போட்டுக் கருணைக்கொலை செய்தார்கள்.

தராசு:
கருணைக்கொலை நடந்த நாள் 2016 அக்டோபர் 16. பதிவு இருக்கிறது, ஏற்கிறேன். பிறந்த நாளுக்குப் பதிவு எங்கே? இறப்பில் இவ்வளவு துல்லியம் காட்டியவர்கள் பிறப்பில் ஏன் காட்டவில்லை?

மூங்கில்குருத்து:
நான் கேட்டது அதுவா?

கவுலூன்வாசி:
இந்தத் திரியில் ஜியா ஜியாவை நேரில் பார்த்தவன் நான் ஒருவன்தான் போலிருக்கிறது. 2015 ஜூலையில் அதன் 37 ஆவது பிறந்தநாளுக்கு மகளை அழைத்துக்கொண்டு போனேன். பனிக்கட்டியும் காய்கறிச் சாறும் சேர்த்துச் செய்த கேக்கை முன்னால் வைத்தார்கள். மெதுவாக வந்து, முகர்ந்து, ஒரு பக்கத்தை நக்கிக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தது. பார்வை மங்கியிருந்தும் பராமரிப்பாளரின் குரல் வந்த திசைக்குத் தலையைத் திருப்பியது. என் மகள் அன்று இரவு அதைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டினாள். அடுத்த ஆண்டு செய்தி வந்தபோது பள்ளிக்குப் போகமாட்டேன் என்று அழுதாள். அந்த விலங்கை அந்த ஆட்கள் எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பது எனக்குத் தெரியும். 'கிழட்டுப் பாண்டா' என்று எழுதியவரும், சான்றிதழ் கேட்பவரும் ஒருநாள் போய்ப் பார்த்திருந்தால் இப்படிப் பேசமாட்டீர்கள்.

தராசு:
உங்கள் மகளின் அன்பை மதிக்கிறேன். ஆனால் நீங்கள் பார்த்தது கேக்கை. பிறப்பை அல்ல. கேக்கில் 37 என்று எழுதினால் 37 ஆகிவிடுமா? எங்கள் அலுவலகத்துக்கும் பலர் பிறந்தநாள் புகைப்படத்தோடு வருவார்கள். திருப்பி அனுப்பிவிடுவேன். அடுத்த ஆண்டு 'மனித வயதில் 114' என்று பூங்காவே அறிவித்தது. 38 ஐ மூன்றால் பெருக்கினால் 114. அடிப்படையே ஊகம், அதை மூன்றால் பெருக்கி உலகத்துக்கு அறிவித்தார்கள்.

கவுலூன்வாசி:
உங்களோடு பேசிப் பயனில்லை.

ஆறாவது விரல்:
சரி, ஐயாவுக்குப் பதிவுதானே வேண்டும்? மெக்சிகோ நகரின் சபுல்டெபெக் மிருகக்காட்சிசாலைக்கு வாருங்கள். சீனா 1975 இல் கொடுத்த பெ பெ, யிங் யிங் என்ற இணையின் மகள் ஷுவான் ஷுவான். அங்கேயே 1987 இல் பிறந்தது. 2022 ஜூலையில் இறந்தது. வயது 35. தாயின் வயிற்றிலிருந்து வந்த அன்றே மனிதக் கண்கள் பார்த்த விலங்கு. இதில் 'இருக்கும்' எங்கே இருக்கிறது? மிருகக்காட்சிசாலையில் பாண்டா 30 ஐத் தாண்டி வாழும் என்ற என் வாதத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இப்போதாவது ஒப்புக்கொள்வீர்களா?

தராசு:
35. நன்றி. 35 என்பது 38 அல்ல. நீங்கள் எழுதியது 38.

ஆறாவது விரல்:
ஐயா, என் வாதம் 38 பற்றியதே அல்ல!

தராசு:
பிறகு ஏன் 38 என்று எழுதினீர்கள்? "35" என்று எழுதியிருந்தால் இந்தத் திரியே பிறந்திருக்காது. கையில் சரியான பதிவு இருந்தும் கின்னஸ் பளபளப்புக்கு ஆசைப்பட்டு ஊகத்தை எடுத்தீர்கள்.

மூங்கில்குருத்து:
மெக்சிகோவைப் பற்றிப் பேசுகிறவர் ஒன்றை விட்டுவிட்டார். அந்தக் குடும்பம் அன்பளிப்பாக வந்து அங்கேயே தங்கியது. 1984 முதல் சீனா பாண்டாக்களை வெளிநாடுகளுக்கு வாடகைக்குத்தான் விடுகிறது. அமெரிக்க மிருகக்காட்சிசாலைகள் ஓர் இணைக்கு ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வரை கொடுத்தன. பிறக்கும் குட்டியும் சீனாவுக்கே சொந்தம். சிங்கப்பூரில் பிறந்த குட்டியையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வாடகைக்கு எடுத்த விலங்கை 'எங்கள் ஜியா ஜியா' என்று சொல்வது என்ன உரிமை?

தெம்பனிஸ் மல்லிகை:
தம்பி, அந்தக் குட்டியைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? ஆண் பாண்டா காய் காயும் ஜியா ஜியாவும் 2012 செப்டம்பரில் வந்தன. பெண் பாண்டாவுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, ஒன்றிரண்டு நாள், மிஞ்சினால் மூன்று நாள்தான் சினைப்பருவம். அதைத் தவறவிட்டால் அடுத்த ஆண்டுதான். 2015 இலிருந்து ஒவ்வோர் ஆண்டும் காத்திருந்தார்கள். கடைசியில் செயற்கைக் கருவூட்டலில் 2021 ஆகஸ்ட் 14 அன்று லெ லெ பிறந்தான். பாண்டாக் குட்டி பிறக்கும்போது நூறு கிராம் அளவுதான், உள்ளங்கையில் அடங்கிவிடும். கொரோனா காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த எங்களுக்கு அந்தக் குட்டியின் படம் எப்படி இருந்தது தெரியுமா? 2024 ஜனவரியில் அவனை அனுப்பியபோது நான் லீவு போட்டுவிட்டு முதல் நாளே போய்ப் பார்த்து வந்தேன். சொத்து யாருடையது என்று பத்திரத்தில் இருக்கட்டும். வளர்த்தது நாங்கள்.

தராசு:
அம்மா சொன்னதைக் கவனியுங்கள்: 2021 ஆகஸ்ட் 14. நாள், மாதம், ஆண்டு! இதுதான் பிறப்புப் பதிவு. ஹாங்காங் ஜியா ஜியாவுக்கு இப்படி ஒரு தேதி காட்டுங்கள். நான் கேட்பது அவ்வளவுதான்.

தெம்பனிஸ் மல்லிகை:
என் லெ லெயை உங்கள் சண்டைக்குள் இழுக்காதீர்கள் ஐயா.

மூங்கில்குருத்து:
வளர்த்தது நீங்கள் அல்ல அக்கா, ஜியா ஜியா. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று படம் எடுத்ததை வளர்ப்பு என்று சொல்லாதீர்கள்.

தெம்பனிஸ் மல்லிகை:
இந்த வார்த்தையை நான் மறக்கமாட்டேன்.

நெறியாளர்:
தலைப்பு ஹாங்காங் ஜியா ஜியாவின் வயது. தனிமனிதரைப் புண்படுத்தும் பதிவுகளை நீக்க நேரிடும்.

ஆறாவது விரல்:
நெறியாளருக்கு: தலைப்பை வைத்ததே என்னைத் தாக்குவதற்குத்தான். 'மூங்கில்குருத்து' கேட்டதற்கும் பதில் சொல்கிறேன். இளவயதில் இறந்தவற்றை நான் மறைக்கவில்லை. ஜப்பானின் கோபேயில் 2024 இல் இறந்த 'தான் தான்' என்ற பாண்டாவுக்கு 28 வயது, அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். காட்டில் எத்தனை குட்டி, எந்த வயதில் சாகிறது என்று யார் பார்க்கிறார்கள்? மிருகக்காட்சிசாலையில் ஒன்று இறந்தால் உலகம் முழுக்கச் செய்தி. காட்டில் நூறு இறந்தாலும் செய்தி இல்லை.

தராசு:
கேட்டீர்களா! "காட்டில் எந்த வயதில் சாகிறது என்று யார் பார்க்கிறார்கள்" என்று அவரே எழுதிவிட்டார். காட்டில் சாவதையே பார்க்க ஆளில்லை என்றால், காட்டில் பிறந்ததை மட்டும் யார் பார்த்தார்கள்? காட்டில் 20 என்றாரே, அதை எண்ணியது யார்? தன் வாயாலேயே தன் இரண்டு எண்களையும் அழித்துவிட்டார்.

ஆறாவது விரல்:
வார்த்தையைத் திரிக்கிறீர்கள். காட்டில் வானொலிப் பட்டை கட்டிப் பின்தொடர்ந்த ஆய்வுகள் சிச்சுவானின் வோலோங் பாண்டா காப்பகத்திலேயே 1980களில் நடந்தன. அதற்கும் குட்டியின் வயதை உடல்வளர்ச்சியைக் கொண்டு கணிப்பதற்கும் முடிச்சுப் போடாதீர்கள். ஆமைத் திரியில் உங்களிடம் பட்டது போதாது என்று இங்கே வந்தேன் பாருங்கள்.

தராசு:
ஆமைத் திரியில் நான் சொன்னது சரி.

வாசல்படி:
ஆமைத் திரியில் நீங்கள் சொன்னது சரியில்லை. 'வானொலிப் பட்டை' என்பதும் சரியில்லை, 'வானலைக் கழுத்துப்பட்டை' என்று எழுத வேண்டும்.

மூங்கில்குருத்து:
கண்ணில் புரையோடு, மூட்டு வலியோடு படுத்திருந்த அந்த உயிருக்கு அது நல்ல வாழ்வா என்று கேட்டேன். இத்தனை பதிவுகள் ஓடிவிட்டன, ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கவுலூன்வாசி:
நான் சொன்னேன். நீங்கள் படிக்கவில்லை.

தராசு:
படித்தோம், கேக். இப்போது அடுத்ததற்கு வருகிறேன். 2017 இல் இறந்த 'பாசி' என்ற பாண்டாவுக்கு 37 வயது என்று எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. 1990 பீஜிங் ஆசிய விளையாட்டின் சின்னத்துக்கு மாதிரியாக இருந்த அதே பாசி. 1984 இல் காட்டாற்றிலிருந்து மீட்டபோது 'நான்கு வயதிருக்கும்' என்றார்கள். மறுபடியும் 'இருக்கும்'! இரண்டு வயதுக் குட்டியில் பிழை ஓராண்டு என்றாரே மருத்துவர், நான்கு வயதில் எவ்வளவு? பாசிக்கு நாளை தனித் திரி தொடங்குகிறேன். அதற்குள் 1978 இன் பிறப்புப் பதிவை யாராவது இங்கே கொண்டுவந்து வைக்கட்டும்.

ஆறாவது விரல்:
தொடங்குங்கள். அங்கும் வருவேன். ஷுவான் ஷுவானின் 35 ஐ முதல் வரியிலேயே போடுவேன்.

தராசு:
போடுங்கள். 35 தானே.