லிங்க்ட்இன்ல இணைப்பு கேட்க என்ன எழுதுறது?

வணக்கம். நமக்கு மன்னார்குடி பக்கம். தங்கச்சி பி.டெக் உணவுத் தொழில்நுட்பம் கடைசி வருஷம். அரிசி ஆலை, தரப் பரிசோதனை வேலையில இருக்கிறவங்களுக்கு லிங்க்ட்இன்ல இணைப்புக் கோரிக்கை அனுப்புறா. பாதிப் பேர் கண்டுக்கவே இல்லை.

அவ எழுதுறது: "வணக்கம் ஐயா, ஒரு வேலை வாங்கித் தாருங்கள்." முகம் தெரியாதவர்கிட்ட எடுத்த எடுப்புல வேலை கேட்டா யாருக்குமே தயக்கம் வரும்தானே? நான் இப்படி மாத்தினேன்:

"வணக்கம் மேடம். நெல் புழுங்க வைக்கிறது பத்தின உங்க பதிவைப் படிச்சேன். ஆடுதுறை 43 ரகத்துல குருணை விழுறதுதான் என் புராஜெக்ட். உங்களோட இணைய விரும்புறேன்."

இதுல வேலைப் பேச்சே இல்லை. பரவாயில்லையா, இல்ல சுத்தி வளைக்கிற மாதிரி இருக்கா?

இன்னொண்ணு, இலவசக் கணக்குல குறிப்பு எழுத இடம் ரொம்பக் கம்மி. தமிழ்ல புள்ளி, கொம்பு எல்லாம் தனி எழுத்தாக் கணக்காகி (என்ன அநியாயம்!) சட்டுனு நிரம்பிடுது. தஞ்சாவூர், திருவாரூர்க்காரங்கன்னா தமிழ்லயே எழுதலாமா, இங்கிலீஷ்தான் சரியா?

ஆள் எடுக்கிற பொறுப்புல இருக்கிற அண்ணன், அக்கா யாராவது சொல்லுங்க. குறிப்பே இல்லாம வர்ற கோரிக்கையை நீங்க ஏத்துக்குவீங்களா?