புதுப்பிப்பு: ஜெனீவாவிலிருந்து சீயோன் ஏரிக்கோட்டை, ஒரே நாளில்

சுவிட்சர்லாந்தில் ஜெனீவா ஏரிக்கரையில் இருக்கும் சீயோன் (Chillon) கோட்டைக்கு, வயதானவர்களோடு ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா, ரயிலா படகா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. முடிகிறது. கைகொடுத்தது 201-ஆம் எண் பஸ் யோசனைதான்.

முதலில் கோட்டைக்குப் பக்கத்து ஊரான மோன்த்ரூ போக வேண்டும். ஜெனீவா–மோன்த்ரூ ரயில் சுமார் ஒரு மணி நேரம். 201 பஸ், ரயில் நிலைய வாசலில் நிற்காது. கீழே இறங்கிப் பெரிய தெருவுக்கு வர வேண்டும். வில்நெவ் போகும் திசையில் ஏறினால் பத்து நிமிடத்தில் கோட்டை. பக்கத்திலேயே வெய்த்தோ-சீயோன் ரயில் நிலையம் உண்டு, ஆனால் உள்ளூர் ரயில்கள் மட்டுமே நிற்கும். சுற்றுலாப் பயணிகளுக்கான சுவிஸ் டிராவல் பாஸ் வைத்திருந்தால் அது பஸ்ஸுக்கும் செல்லும், கோட்டை நுழைவுக்கும் செல்லும். தனி டிக்கெட் வாங்கிவிடாதீர்கள்.

எதிர்பாராதது படிகள்தான். கோபுரத்துக்கு ஏறும் படிகள் குறுகல், செங்குத்து. மூட்டுவலிக்காரர்கள் முற்றங்களோடும் கீழ்த்தள நிலவறையோடும் நிறுத்திக்கொள்ளலாம். உண்மையில் பார்க்க வேண்டியதே அந்த நிலவறைதான். அடிப்பாறையை அப்படியே சுவராக விட்டிருக்கிறார்கள். பொனிவார் என்ற அரசியல் கைதி 1536-இல் பெர்ன் படை வந்து மீட்கும்வரை அங்கேதான் சங்கிலியில் கிடந்தார். மூன்றாவது தூணில், அவரைப் பற்றிக் கவிதை எழுதிய ஆங்கிலக் கவிஞர் பைரனின் பெயர் செதுக்கியிருக்கும். தரை மேடுபள்ளம், கோடையிலும் குளிர். ரப்பர் அடிச் செருப்பும் ஸ்வெட்டரும் அவசியம்.

மூடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே நுழைவை நிறுத்திவிடுவார்கள். திரும்பும்போது நடக்க முடிந்தவர்களுக்கு மோன்த்ரூ வரை ஏரிக்கரைப் பாதை, முக்கால் மணி நேரம், ஏற்றமே இல்லை.